மடுவுக்கு ஒரே வண்டியில்

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலே, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசு எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்ட நிகழ்வை நாம் எல்லோரும் அறிவோம். செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளில் இறுதியானதாக அதனைத் தியானித்தும் வருகின்றோம். எனினும் அந்நிகழ்வின் பின்னணியிலுள்ள ஒரு சிறு விபரம் நம் கவனத்திற்கு எட்டுவது அரிது. சூசையப்பரும் மரியன்னையும் தனியே பயணஞ் செய்யவில்லை. உறவினரும் அறிமுகமானவர்களும் அடங்கிய பெருங்கூட்டமொன்றோடு அவர்கள் சென்றார்கள், அக்கூட்டத்தோடேயே திரும்பினார்கள். பிள்ளை கண்ணிற் படவில்லையே என்று ஒரு நாள் முழுவதும் அவர்கள் பதறாதிருந்ததற்குக் காரணம் கவலையீனமன்று. பிள்ளை யாரோ ஒரு மாமியோடோ, சித்தப்பாவோடோ நடந்து வருவான் என்ற நம்பிக்கையே காரணம். திருயாத்திரை என்றாலே ஊர் கூடிச் செல்வது என்பதுதான் அக்கால வழக்கம்.

நம் முன்னோரின் வழக்கமும் அதுவே. 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் காலத்து நெருக்கடியின்போது, மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சொரூபத்தைக் காட்டு வழியே மருதமடுவுக்குக் கொண்டுவந்தவர்கள் தனியாட்களல்லர். குடும்பங்கள் குடும்பங்களாக இடம்பெயர்ந்தவர்கள். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டிகள் நிரை நிரையாகப் புறப்பட்டு, வழி நெடுகச் சமைத்துண்டு, செபமாலை சொல்லி மடுவை அடைந்த கதைகளை உங்கள் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இன்று ஆடி 2ஆம் திகதித் திருவிழாவுக்கோ, ஆவணி 15ஆம் திகதிப் பெருவிழாவுக்கோ மடுச் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். பேருந்துகள் வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைச் சூழ்ந்து வான்களும் கார்களும் ஊர்கின்றன. பத்துப் பேர் அமரக்கூடிய வானில் ஐந்து பேர்; ஐந்து பேருக்கான காரில் கணவனும் மனைவியும் ஒரு குளிர்பானப் பெட்டியும். எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள், ஒரே திருப்பலிக்குச் செல்பவர்கள், ஒருவரையொருவர் முந்திச் செல்ல முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இதிலே என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். சொந்த உழைப்பில் வாங்கிய வாகனம். சொந்தப் பணத்தில் நிரப்பிய எரிபொருள். ஆகவே முதலில் எரிபொருட் கணக்கையே பார்த்துவிடுவோம்.

கொழும்பிலுள்ள ஒரு பங்கிலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக மடுவுக்குச் சென்று திரும்புவதை, இடையிலுள்ள சுற்றலையும் சேர்த்து, 600 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பேருந்து ஒன்று ஒரு லீற்றர் டீசலுக்கு நான்கு கிலோமீற்றர் ஓடுமெனில் 150 லீற்றர் தேவை. ஐம்பது பேர் சென்றால் ஒருவருக்கு மூன்று லீற்றர். வான் ஒன்று லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுமெனில் 60 லீற்றர்; பத்துப் பேர் சென்றால் ஆளுக்கு ஆறு லீற்றர். அதே வானில் ஐந்து பேர் மட்டும் சென்றால் ஆளுக்குப் பன்னிரண்டு. பெற்றோல் கார் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுமெனில் 50 லீற்றர். நால்வர் சென்றால் ஆளுக்குப் பன்னிரண்டரை, இருவர் மட்டும் சென்றால் இருபத்தைந்து. உங்கள் வாகனம் இதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ ஓடலாம். அதனால் கணக்கின் போக்கு மாறிவிடாது.

ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. பெற்றோலுக்கு இது 2.3 கிலோகிராம். ஒரு கிலோ நிறைகூட இல்லாத திரவத்திலிருந்து இரண்டரைக் கிலோ வாயு எப்படி வரும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எரிபொருளிலுள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்கின்றது. கூடுகின்ற நிறை அந்த ஒட்சிசனுடையது. ஆக, நிரம்பிய பேருந்தில் மடுவுக்குச் சென்று வருபவரின் பங்கு சுமார் எட்டுக் கிலோ. நிரம்பிய வானில் பதினாறு. நால்வர் சென்ற காரில் இருபத்தொன்பது. இருவர் சென்ற காரில் அதன் இரட்டிப்பு.

இந்தக் கணக்குக்குள் ஒரு பொறியும் இருக்கின்றது. பேருந்து என்ற பெயரில் எந்தப் புண்ணியமும் இல்லை. ஐம்பது ஆசனப் பேருந்தில் இருபத்தைந்து பேர் மட்டும் சென்றால் ஆளுக்கு ஆறு லீற்றர் ஆகிவிடும். நிரம்பிய வானுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதைவிடக் குறைந்தால் வானே மேலானது. இன்னொரு வழக்கமும் உண்டு. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக மக்களை இறக்கிவிட்டு, வண்டி வெறுமையாகக் கொழும்புக்குத் திரும்பி, கொடியிறக்கிய பின் மீண்டும் வெறுமையாக வந்து ஏற்றிச் செல்லும். அப்படிச் செய்தால் 600 கிலோமீற்றர் 1,200 ஆகின்றது. ஐம்பது பேர் நிறைந்திருந்தாலும் மிச்சம் பிடித்தது முழுவதும் வீதியிலேயே கரைந்துவிடும். ஆகையால் வண்டியை மடுவிலேயே நிறுத்திவைக்க வேண்டும். சாரதிக்கு உணவும் உறங்க இடமும் கொடுப்பது நமது கடமை.

இப்போது ஒரு நியாயமான மறுப்புக்கு வருவோம். இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். உலகச் சராசரி அதனைப் போல நான்கு மடங்குக்கும் மேல். செல்வந்த நாடுகள் புகைக்கட்டும், நாங்கள் மட்டும் ஏன் இருபது கிலோவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். பெரும்பொறுப்பு பெரும்பங்கை எரித்தவர்களுடையதே. 2024ஆம் ஆண்டு, பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து உலகில் மிக வெப்பமான ஆண்டாக இருந்தது. அதற்கு மடு யாத்திரிகர்கள் காரணமல்லர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தனியொரு புயலுக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் கடல் சூடேறும்போது மழை கனக்கும் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. குற்றம் செய்யாதவனே முதலில் அடிவாங்குகிறான் என்பதும் நம் கண்முன்னே நிகழ்ந்தது.

ஆகவே, நமது ஒரு பேருந்து உலகின் வெப்பத்தைத் தணித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. பங்குகளில் ஆண்டுதோறும் நிகழ்வதும், அதிகம் பேசப்படாததுமான ஒரு காரியம் அது.

ஆனி மாதத்தில் பங்கு அறிவித்தலில் மடு யாத்திரைக்குப் பேருந்து ஒழுங்கு செய்யப்படுவதாக வாசிக்கப்படும். ஐம்பது ஆசனங்கள், ஆளுக்கு இவ்வளவு. முதலில் வசதியுள்ள ஐந்தாறு குடும்பங்கள், தாங்கள் வானில் வருவதாகச் சொல்லிவிடும். அதைப் பார்த்து இன்னும் நான்கு குடும்பங்கள் கூட்டாக ஒரு வானை வாடகைக்குப் பிடிக்கும். பட்டியலில் முப்பது பெயர்கள் எஞ்சும். வண்டிக்காரர் ஆசனத்துக்கல்ல, ஓட்டத்துக்கே கூலி கேட்பவர். ஆகவே ஐம்பது பேர் பகிர வேண்டிய தொகையை முப்பது பேர் பகிர வேண்டிவரும். கட்டணம் உயரும். உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க இயலாத பத்துப் பேர் விலகுவார்கள். கடைசியில், போதிய ஆட்கள் சேராமையால் இவ்வாண்டு பேருந்து இல்லை என்ற அறிவித்தல் வரும். வான்கள் புறப்பட்டுப் போகும். வீட்டில் நின்றுவிடுபவர்கள் யார்? கணவனை இழந்து தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்ப்பவள், நாட்கூலிக்காரர், ஒரு நேர்த்தியை ஐந்து வருடமாகச் செலுத்த முடியாமல் மனதுக்குள் சுமந்துகொண்டிருக்கும் முதியவர்.

இதிலே எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வசதியை மட்டுமே பார்த்தது. ஆயினும் கூடுதலான புகையும், ஏழையின் இழந்த யாத்திரையும் ஒரே தீர்மானத்திலிருந்து பிறந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலிலே பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்று வலியுறுத்தியது இதனைத்தான் என்று எனக்குத் தோன்றுகின்றது. அம்மடல் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவதையும், வாகனத்தைப் பலரோடு பகிர்வதையும் கிறிஸ்தவனின் அன்றாடக் கடமைகளின் வரிசையிலேயே வைக்கின்றது. அதே வேளை பொதுப் போக்குவரத்தில் மக்கள் படும் நெரிசலும் அவமதிப்பும் பாதுகாப்பின்மையும் நீக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றது. இந்த இரண்டாவது பகுதியை மேடைகளில் நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. அதே ஆண்டு சனவரி 14ஆம் திகதி அவர் மடுவுக்கு வந்தபோது உலங்கு வானூர்தியிலல்லவா வந்தார் என்று குறும்பாகக் கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. உண்மைதான். அன்று அவர் வந்து இறங்கியபோது அவருக்காகக் காத்து நின்ற இலட்சக்கணக்கான மக்களில் மிகப் பலர் பேருந்தில் வந்தவர்கள் என்பதும் உண்மைதான்.

எரிபொருள் அரிதாகும்போது ஒன்றாகப் பயணஞ்செய்ய நமக்குத் தெரியாததல்ல. தொண்ணூறுகளில் வடக்கிலே எரிபொருட் தடையின் நடுவே மண்ணெண்ணெயில் கார் ஓடிற்று. ஒரு துவிச்சக்கர வண்டியில் மூவர் சென்றோம். 2022இல் நாடு முழுவதும் வரிசையில் நின்றது. ஆடி மாதத்தில் கியூஆர் அட்டை வந்தது. வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தரப்பட்டது. அயலவரின் வாகனத்தில் இடம் கேட்பதற்கு அப்போது யாரும் கூச்சப்படவில்லை, கொடுப்பதற்கும் தயங்கவில்லை. வரிசை மறைந்ததும் அந்த உறவும் மறைந்துவிட்டது. தட்டுப்பாடு மட்டுமே நம்மைச் சேர்த்துவைக்கும் என்றால் அது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

பேருந்தைத் தவிர்ப்பவர்கள் கூறும் காரணங்களில் பல உண்மையானவை. முழங்கால் வருத்தமுள்ள தாயார் ஏழெட்டு மணி நேரம் ஒடுங்கிய ஆசனத்தில் இருக்க இயலாது. பெண்களுக்கு வழியிலே தகுந்த கழிவறை கிடையாது. குழந்தை வாந்தி எடுக்கும். சாரதி இரவு முழுவதும் ஒற்றையாளாக ஓட்டுவார். இவற்றை அருளுரையால் தீர்க்க முடியாது. திட்டமிட்டுத்தான் தீர்க்க வேண்டும். பெரும்பாலான பங்குகளில் யாத்திரை ஒழுங்கு என்பது வண்டி பேசுவதோடு முடிந்துவிடுகின்றது. அதுவே இதற்கெல்லாம் மூலகாரணம் என்பது எனது கருத்து.

திட்டமிடல் என்பது ஆட்களை எண்ணுவதிலே தொடங்குகின்றது; வண்டியைத் தேடுவதிலே அல்ல. ஒவ்வொரு அன்பியத்திலும் யார் வருகிறார்கள் என்று ஆறு வாரங்களுக்கு முன்னரே பெயரும் சிறு முற்பணமும் பெற்றுக்கொள்ள வேண்டும். ஐம்பது சேராவிட்டால் அயற் பங்கோடு பேசுங்கள். அங்கும் முப்பது பேர் இதே கவலையோடு இருக்கக்கூடும். இரண்டு பங்கும் சேர்ந்தும் இருபத்தைந்துதான் என்றால் இருபத்தைந்து ஆசனச் சிறிய பேருந்தை எடுங்கள். அது லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினால் ஆளுக்கு நான்கு லீற்றரே செலவாகும். பாதி வெறுமையான பெரிய வண்டியைவிட எவ்வளவோ மேல். மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள குடும்பமெனில், மன்னாருக்குச் செல்லும் வழக்கமான பேருந்தை மறந்துவிடாதீர்கள். அது நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடப்போகின்றது. மதவாச்சியிலிருந்து மடு வீதி வரையிலான புகையிரதப் பாதை போருக்குப் பின் 2013இல் மீளத் திறக்கப்பட்டது. புறப்படுமுன் நேர அட்டவணையை நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. சந்தியிலிருந்து திருத்தலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். திருவிழா நாட்களில் அந்தத் தூரத்துக்கு வண்டி கிடைப்பது கடினமாக இராது.

முழங்கால் வருத்தமுள்ள தாயாருக்கு வான்தான் பொருத்தமென்றால் வானே செல்லட்டும். ஆனால் அந்த வானில் பங்கிலுள்ள ஏனைய நோயாளரும் முதியோரும் ஏறட்டும். அவருடைய திடகாத்திரமான மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பேருந்துக்கு வரட்டும், துணைக்கு ஒருவர் மட்டும் தாயாரோடு இருக்கட்டும். கழிவறைக்காக எங்கெங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் நேரம் குறித்து நிற்பதாகத் தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டிவைத்தால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருகின்ற அவலம் குறையும். இது சிறிய விடயம் என்று ஆண்கள் நினைக்கக்கூடும்.

இரவுப் பயணத்தைவிட அதிகாலைப் பயணமே எனக்கு உகந்ததாகப் படுகின்றது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை நம் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. அவ்வண்டியிலே அளவுக்கு மிஞ்சிய பயணிகள் இருந்தார்கள். வண்டியை நிரப்புவது வேறு, அடைப்பது வேறு. ஐம்பது ஆசனத்துக்கு ஐம்பது பேர், அதற்கு மேல் ஒருவரும் இல்லை என்பதில் பங்குச் சபை உறுதியாக இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு மாற்றுச் சாரதி ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். வண்டியின் ஆவணங்களையும் சக்கரங்களையும் பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள். சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் ஆபத்தும் கூடும், எரிபொருளும் கூடும். மடுவில் மர நிழலில் நிறுத்திய வண்டியை, குளிரூட்டிக்காக இயங்கவிட்டுக்கொண்டே உறங்குவதும் நிற்க வேண்டும்.

ஏற்றும் இடம் ஒன்றே இருக்கட்டும். அது ஆலய முற்றமாகட்டும். வாசலுக்கு வாசல் சென்று ஏற்றுவதென்றால் பெரிய வண்டி நகருக்குள்ளேயே ஒரு மணி நேரம் புகைவிட்டுக்கொண்டிருக்கும். பத்துக் குடும்பம் பத்துப் பானை கொண்டுவருவதற்குப் பதிலாக இரண்டு பெரிய கிடாரம் போதும். ஆவணி மாதம் அப்பகுதியில் கடுங்கோடை. தண்ணீரை ஆளுக்கொரு பிளாஸ்ரிக் போத்தலாக வாங்குவதைவிடக் கொள்கலனில் எடுத்துச் செல்வதே சிறந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ண ஒருவரை நியமியுங்கள். பிள்ளை யாரோடாவது வருவான் என்ற நம்பிக்கை நல்லதுதான்; எண்ணிப் பார்ப்பதும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து திரும்பினால் அவருக்குரிய காபனீரொட்சைட்டு ஒரு தொன்னைத் தாண்டிவிடும். நம்மில் ஒருவர் ஓராண்டு முழுவதும் வெளியிடும் அளவை அந்த ஒரு பயணமே எட்டிவிடுகின்றது. அதற்காக வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரை நான் அறிவேன். வருகின்றவர்கள் சற்று நீண்ட நாட்கள் தங்கட்டும். ஆண்டுதோறும் பத்து நாள் வருவதைவிட இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் வரட்டும். வந்தவர்கள் விமான நிலையத்திலிருந்தே குளிரூட்டிய வானை வாடகைக்கு அமர்த்தி நேரே மடுவுக்குப் போவதை விடுத்து, தாங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பேருந்திலே ஓர் ஆசனம் கேட்கட்டும். அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஏழு மணி நேரத்தில் கேட்கும் தமிழும், பாடும் மாதா பாட்டும், யன்னலோரத்து ஆசனத்துக்காகப் பிடிக்கும் சண்டையும் வானுக்குள் கிடைக்கமாட்டா.

வானுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வாடகைக்கும் பேருந்தில் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் கணிசமானது. அத்தொகையில் ஒரு பகுதியை உறையிலிட்டுப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தால், கட்டணம் செலுத்த இயலாத இருவரை யாரென்று பிறர் அறியாதவாறு அவர் ஏற்றிவிடுவார். பெயர் எழுதும் தாள் ஆலய வாசலில் தொங்கும்போது, முதலாவது பெயர் வீட்டு முற்றத்தில் வாகனம் நிற்கின்ற ஒருவருடையதாக இருக்கட்டும். அதைக் கண்டால் மற்றவர்கள் எழுதுவார்கள். கடைசி இரண்டு வரிகளை மட்டும் வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, இடம் இருக்கிறதா என்று மெதுவாக வந்து விசாரிப்பவர்களுக்கு அவை தேவைப்படும்.